யாரும் ஏறாத ஸ்டால்

சாண்ட்ரா அமைத்த முதல் கண்காட்சி ஸ்டாலுக்குத் தளம் தரையிலிருந்து ஓரடி உயரம். வம்பு அங்கேதான் தொடங்கியது.

ராயபுரத்தில் தவக்காலம்தோறும் நடக்கும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்துக்குப் பதினாறு ஆண்டுகளாக மேடை அமைப்பவர் அவர். ஒட்டுப்பலகையில் பிலாத்துவின் அரண்மனை, தெர்மாகோலில் கல்லறை. நாடகம் பார்க்க வந்த தப்ரேஸ், எண்ணூரில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றின் விற்பனை மேலாளர், கண்காட்சி ஸ்டால் வேலையை அவரிடமே கொடுத்துவிட்டார்.

சாண்ட்ரா தூண்கள் நிறுத்தினார். பின்னால் அடர்நீலத் திரை. நடுவே மார்பளவு உயர வால்வு, அதன் தலைக்கு மேல் ஒற்றை விளக்கு. நந்தம்பாக்கம் அரங்குக்கு வந்தவர்கள் நின்று ரசித்தார்கள், படம் எடுத்தார்கள், நகர்ந்தார்கள். ஒருவர்கூட ஏறவில்லை.

"செட்டு சோக்கா கீதுக்கா. ஆனா ஒருத்தனும் உள்ள வரமாட்றான். நாளைக்கு எங்க முதலாளி வராரு. இப்டியே இருந்துச்சுன்னா அடுத்த தபா உன்னைக் கூப்ட முடியாது" என்றார் தப்ரேஸ்.

சாண்ட்ரா எதிர் ஸ்டால் ஓரமாகப் போய் நின்று கூட்டத்தைக் கவனித்தார். தளத்தின் விளிம்பு வந்ததும் கால்கள் தாமாக நின்றன. ஒருவர் ஷூவைக் கழற்றலாமா என்று குனிந்து, வெட்கப்பட்டு நடையைக் கட்டினார். நாடகத்துக்கு அந்த விளிம்பு தேவை. பார்க்கிறவர் அதற்கு வெளியேதான் இருக்க வேண்டும். வாங்க வந்தவரையும் அது வெளியிலேயே நிறுத்திவிட்டது.

மாலையில் கூட்டம் கலைந்ததும் தச்சர் ஜெரியை அழைத்தார். நாடகத்தில் யூதாஸ் வேடம் கட்டுபவரும் ஜெரிதான்.

"முன்பக்கத்தைப் பாதி அறுத்துடு. வால்வு தரைக்கு வரணும்."

"நேத்துதான ஆணி அடிச்சேன்! யூதாசு நானு, காட்டிக் குடுக்குறது நீயா?"

"அறுடா."

"அந்த வால்வு இன்னா வெயிட்டு தெரியுமா? நீயா தூக்குவே?"

"ஒரு பக்கம் நான் புடிக்கிறேன், வா."

மறுநாள் வால்வு நடைபாதையை ஒட்டி வெறுந்தரையில் நின்றது, திருகும் சக்கரம் வெளிப்பக்கம் பார்த்தபடி. விளக்கைத் திருப்ப ஏணி கிடைக்கவில்லை; வெளிச்சம் காலி இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. கொதிகலன் ஆலைக்காரர் ஒருவர் போகிற போக்கில் சக்கரத்தைத் திருகிப் பார்த்தார். இன்னொரு முறை திருகினார். பிறகு, "எவ்ளோ பிரஷர் தாங்கும்?" என்றார். தப்ரேஸ் நாற்காலியை விட்டு எழுந்து ஓடிவந்தார். முதலாளி வந்தபோது அவரை வரவேற்கக்கூட ஆளில்லை. கம்பெனி ஆட்கள் எல்லோரும் வாங்க வந்த யாருடனாவது பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரியில் கோவையில் கண்காட்சி. அந்த ஸ்டாலையும் சாண்ட்ராதான் அமைக்கிறார்.