மிலிட்டரி வேதமுத்துவும் மணல்மேட்டுக் கிடாவும்

கள்ளிக்குப்பத்தில் மலை கிடையாது. மருந்துக்குக்கூட ஒரு குன்று கிடையாது. ஆனாலும் எண்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே மலையாட்டு வேட்டை ஒன்று நடந்தது. நம்பாதவர்கள் அந்தப் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம், சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

வேட்டைக்காரர் மிலிட்டரி வேதமுத்து. பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்தவர். ஸ்டோரில் கம்பளியும் பூட்ஸும் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஓய்வு பெற்று வந்தபின் மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் காவல். கம்பளியைப் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. நஜீரின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இமயமலையில் மலையாடு சுட்ட கதைதான்.

"சுடறது இன்னா பெரிய விஷயம்? கண்ணு கீது, கை கீது, சுட்டுடலாம். சுடலாமா வோணாமான்னு முடிவு பண்றான் பாரு, அவன்தான் வேட்டைக்காரன். ஆடு பள்ளத்தாண்ட நிக்கும். சுட்டா உருண்டு பூடும். அப்புறம் கறி கழுகுக்கு, சொறி உனுக்கு!" என்பார். வீட்டு பீரோவுக்குப் பின்னால் லைசென்சோடு ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்ததால், கேட்டவர்கள் எதிர்த்துப் பேசவில்லை. சுற்றுவட்டாரத்தில் அவருக்கிருந்த மரியாதை முழுக்க அந்தக் கதையால் வந்தது. அது அவருக்கும் தெரியும்.

கிடா எங்கிருந்து வந்ததென்று ஒருவருக்கும் தெரியவில்லை. காதோரம் சின்னதாய் வெட்டு இருந்தது. அப்படியென்றால் யாரோ வேம்புலியம்மனுக்கு நேர்ந்துவிட்டது. ஆடித் திருவிழாவில் வெட்டும்வரை அது ஊர்மேயும், யாரும் கைவைக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. இது தெரிந்ததுபோல அந்தக் கிடா ஆடிய ஆட்டம் இருக்கிறதே! நஜீரின் கண்ணாடி டம்ளர்களை ஒரே முட்டில் காலி செய்தது. தபால்காரரைச் சைக்கிளோடு சாக்கடையில் தள்ளியது. ஊர்ப் பெரிய மனிதர் உலகநாதன் துண்டை உதறிக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து வந்து இடுப்பிலே வைத்தது. பாவம், மனுஷர் ஒரு வாரம் குப்புறப் படுத்தே காப்பி குடித்தார்.

விரட்டினால் அது ஓடி ஏறுவது மணல்மேட்டில். வார்ப்படப் பட்டறைகள் லாரி லாரியாகக் கொட்டிய கரிமணல், இரண்டு மாடி உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. மனிதன் ஏறினால் முழங்கால்வரை புதைந்து சறுக்கிக் கீழே வருவான். கிடா மட்டும் உச்சியில் நின்று தாடியை ஆட்டும்.

"யாருது இந்த ஆடு? சொல்லுங்க!" என்று உலகநாதன் மூன்று நாள் தெருத்தெருவாகக் கேட்டுவிட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் வேதமுத்து வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாத்தே, நீதான் சுடணும். நாங்க சுட்டா அம்மன் குத்தம். நீ வேதக்காரன், உனுக்கு இன்னா?"

வேதமுத்துவுக்கு மீசை தானாகவே நிமிர்ந்தது. உள்ளே அடுப்படியில் அவர் மனைவி சகாயம்மாளின் கையிலிருந்து கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அதை அவர் கவனிக்கவில்லை.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் மணல்மேட்டைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. கோயில் கூட்டம் வேறு, சர்ச் கூட்டம் வேறு என்கிற பேச்செல்லாம் அன்றைக்கு இல்லை. வேதமுத்து பழைய காக்கிச் சட்டையில் வந்தார். கையில் இருந்தது ஒரே தோட்டா.

கிடா உச்சியில் நின்றது. அதன் பின்னால் ஒரு கம்பெனியின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. "இப்ப சுட்டா கூரை பூடும்" என்று சொல்லிக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தார். கிடா இந்தப் பக்கம் திரும்பி முகத்தைக் காட்டியது. "நேரா நிக்கிற ஆட்ட சுடக் கூடாது, பக்கவாட்டுல வரட்டும்" என்றார். கூட்டம் பக்தியோடு தலையாட்டியது. கிடா மெதுவாகத் திரும்பி விலாவைக் காட்டி நின்றது. பின்னால் வெறும் வானம். குண்டு பட்டால் இந்தப் பக்கமே சரிந்து விழும். வேதமுத்து மண்டிபோட்டு, மூச்சை அடக்கி, விரலை விசையில் வைத்தார்.

"இன்னாங்க!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சகாயம்மாள் வந்துவிட்டாள். வெயிலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவள்போலச் சொம்போடு பக்கத்தில் குந்தி, அவர் காதில் குசுகுசுத்தாள்.

"சுடாதீங்க. அது நான் நேர்ந்துவுட்ட கிடா."

வேதமுத்துவின் கண் குழலின் மேலேயே இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. "இன்னாடி சொல்ற?"

"போன வருஷம் உங்களுக்குக் காமால வந்து கண்ணு மஞ்சளாப் பூடுச்சே... வேளாங்கண்ணி மாதாவ வேண்டிக்கினேன். எதுக்கும் இருக்கட்டுமேன்னு வேம்புலியம்மனையும் வேண்டிக்கினேன். குட்டியா வாங்கி, என் சிநேகிதி ஜெயகுமாரி ஊட்டுக் கொல்லைல கட்டி என் கையால தழை குடுத்து வளத்தேன்."

"செபக்கூட்டம்னு போனியே?"

"செபமும் பண்ணோம்."

வேதமுத்துவுக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அவள்மேல் ஓர் அன்பு வந்தது. சகாயம்மாள் மரியாயின் சேனை என்கிற சர்ச் மாதர் சபைக்குத் தலைவி. அம்மனுக்குக் கிடா விட்டாள் என்று தெரிந்தால் மாதர்கள் எல்லாம் சேர்ந்து அவளை வறுத்து எடுத்துவிடுவார்கள். சுடாமல் எழுந்தால் ஏன் என்று ஊர் கேட்கும். சுட்டால், தன் உயிருக்காக அவள் வைத்த வேண்டுதலைத் தானே கொன்றதாகும். மிச்சம் இருந்தது ஒரே வழி. அதில் பதினேழு வருஷ இமயமலையும் இடிந்து விழும்.

"எழுந்து போ" என்றார். குழலை இரண்டு முழம் ஒதுக்கி வானத்தைப் பார்க்க வைத்து, கண்ணை மூடிச் சுட்டார்.

டமால்! காக்கைகள் எழும்பின. புகை கலைந்தபோது கிடா அப்படியே நின்றுகொண்டிருந்தது. கூட்டத்தில் வெடித்த சிரிப்பு துப்பாக்கிச் சத்தத்தைவிடப் பெரிது. "இன்னா மிலிட்டரி, அம்மாம் பெரிய ஆடு தெர்லியா?" என்று நஜீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். வேதமுத்து தலையைக் குனிந்தபடி நின்றார். சகாயம்மாளுக்குக் கண் கலங்கியது.

அந்தப் பாழாய்ப்போன கிடா அத்தோடு விட்டதா? சத்தத்தில் மிரண்டு மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கி, விலகி ஓடிய அத்தனை பேரையும் தாண்டி, நேராக வந்து சகாயம்மாளின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டது. 'ம்மே' என்று ஒரு குரல் வேறு.

சிரிப்பு பட்டென்று நின்றது. சேனை மாதர்கள் கழுத்தை நீட்டினார்கள். உலகநாதன் இடுப்பைப் பிடித்தபடி முன்னால் வந்தார். "இன்னாம்மா இது? யார் ஊட்டு ஆடு?"

சகாயம்மாள் வாயைத் திறப்பதற்குள் வேதமுத்து குறுக்கே வந்துவிட்டார்.

"என்னுது. காமால வந்தப்போ நான்தான் அம்மனுக்கு நேர்ந்துகினேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தழ மட்டும் போடச் சொன்னேன், போட்டா."

சேனை மாதர்கள் உச்சுக் கொட்டினார்கள், சகாயம்மாளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இப்படி ஒரு புருஷனை வைத்துக்கொண்டு அவளும் எத்தனை செபமாலைதான் சொல்வாள்!

"நீ நேர்ந்துவுட்ட ஆட்ட நீயே எதுக்குய்யா சுட்ட?" என்றார் உலகநாதன்.

"அதான் வோணும்னே தப்பவுட்டேன்!" என்றார் வேதமுத்து.

ஊர் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தது. அவர் அன்றைக்குச் சொன்ன பொய்யை எல்லோரும் நம்பினார்கள். இந்த ஒரு உண்மையைத்தான், சகாயம்மாளைத் தவிர, கள்ளிக்குப்பத்தில் இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை.