சத்தம் திரும்பி வந்த ரூம்

அன்று ரூமில் இருந்தவர்கள்: எங்கள் லேபுக்குத் தலைமையான மேடம். எலி டாக்டர், மைசூர்க்காரர், தமிழ் அரைகுறை. பிஎச்டி பண்ணுகிற பொண்ணு. கூண்டு கழுவி தீனி வைக்கிற நான். கூண்டுக்குள் கறுப்புக் குட்டிகள்.

எங்கள் எலிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஏதோ ஒரு ஜீன் கெட்டது. அந்த ஜீனுக்குக் காதில் என்ன வேலை என்பதுதான் பொண்ணின் படிப்பு. இந்த வம்சம் வேறெங்கும் கிடையாது.

போன வருஷம் ரூமில் நோய் வந்தது. எல்லா எலியையும் முடித்துவிட வேண்டியதாகிவிட்டது. மிச்சம், டேங்கில் உறையவைத்த கருக்கள். இரண்டே குழாய். கருவை உருக்கி, காது கேட்கும் வெள்ளை எலி ஒன்றின் வயிற்றில் வைப்பார்கள். அதுதான் வாடகைத்தாய்.

முதல் குழாயில் குட்டிகள் பிறந்தன. தோலுக்குள் கண் கறுப்பாகத் தெரிந்தது. வெள்ளை எலிக் குட்டிக்கு அப்படித் தெரியாது. நம்ம குட்டிதான் என்று எல்லோரும் கத்தினோம். டாக்டர் கூண்டு மூடியை டமாரென்று போட்டார். அந்த ரூமில் யாரும் மெதுவாக எதையும் செய்ததில்லை. எலிக்குத்தான் கேட்காதே. ஆனால் இந்தத் தாய்க்குக் கேட்டது. மிரண்டுவிட்டாள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஒரு குட்டியும் இல்லை. தின்றிருந்தாள்.

பொண்ணு அழவில்லை. கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

இனி ஒரே குழாய்.

அன்றிலிருந்து ரூமில் பேச்சு இல்லை. வண்டிச் சக்கரத்துக்குத் துணி சுற்றினேன். கை ஜாடைதான். யாராவது இருமினால் டாக்டர், "சும்னிரு" என்பார். கன்னடத்தில் சும்மா இரு. வெளியே டீ குடிக்கும்போது சொன்னார், "செவிட்டு எலிக்கோசரம் நாம ஊமை ஆயிட்டோம்மா." லிங்கராஜபுரத்தில் வீட்டிலும் நான் மெல்லவே பேச, காய்ச்சலா என்று கேட்டார் வீட்டுக்காரர்.

கடைசிக் குழாயை இன்னொரு வெள்ளை எலிக்கு வைத்தார்கள். இந்தத் தாய் பால் கொடுத்தாள். குட்டிகளுக்குக் கறுப்பு முடி வந்தது. பாலை மறந்து தீனிக்கு வந்தன. ஆனாலும் பயம் போகவில்லை. டேங்கில் காது கேட்கிற வேற கறுப்பு எலிகளின் கருவும் உண்டு. இதுகளுக்குக் காது கேட்டால் எடுத்தது தப்பான குழாய். வம்சம் அதோடு சரி.

அதைப் பார்க்கத்தான் அன்று கூடினோம். தாயை அடுத்த ரூமில் விட்டுவிட்டு வந்தேன்.

மேடம் சொன்னாங்க, "நீயே போடும்மா."

இரும்பு மூடியை உயரத் தூக்கி, கூண்டு அதிராதபடி தள்ளியிருந்த மேஜைமேல் போட்டேன். பொண்ணு துள்ளினாள். டாக்டருக்குத் தோள் குலுங்கியது. குட்டிகள் பாட்டுக்குக் கொறித்துக்கொண்டிருந்தன. ஒரு காது அசையவில்லை.

"அக்கா, இன்னொரு தரம்."

போட்டேன். அவள் கேட்கக் கேட்கப் போட்டேன். மேடம் மாஸ்க்குக்குள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. டாக்டர் பழைய குரலில், குட்டிங்களை எண்ணிச் சொல்லும்மா என்றார்.

ரூம் அதிர எண்ணினேன்.

ஏழு.