சந்தேக அறிக்கையில் என் கையெழுத்து

ஊரில் பாதிப்பேர் குவைத்துக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. புதிய தனியார் வங்கிகள் சித்தூர் வரை வந்துவிட்டன. அப்படி ஒரு சிறிய வங்கியில், கறுப்புப் பணம் உள்ளே வருகிறதா என்று கண்காணிக்கும் அதிகாரியாக என்னைப் போட்டார்கள். சந்தேகமான வரவு தெரிந்தால் டெல்லியிலுள்ள அரசு அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விட்டால் பொறுப்பு என்னுடையது. சம்பளம் மட்டும் உயரவில்லை.

சீசன் முடிந்து பூட்டிக் கிடந்த ஒரு மாம்பழக் கூழ் ஆலையின் கணக்கில் ரொக்கம் விழுந்துகொண்டே இருந்தது. குறிப்பு எழுதி மேனேஜரிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு இழுப்பறைக்குள் போட்டார்.

"ஆலைக்காரரு நம்ம பேங்க் சேர்மனுக்கு வேண்டியவரு. உனக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு?"

"இன்ஸ்பெக்ஷன் வந்தா கேப்பாங்களே சார்."

"ஒண்ணுமே அனுப்பலன்னாதான் கேப்பாங்க. வேற ஏதாவது பாத்து அனுப்பு."

பார்த்தேன். கார்வேட்டிநகரம் பக்கத்தில் கூலி வேலை செய்யும் ஒரு பெண் அகப்பட்டாள். அவளுக்குக் குவைத்திலிருந்து வெவ்வேறு பெயர்களில் பணம் வந்தது. சந்தேகம் என்று எழுதி அனுப்பினேன். மேனேஜர் சொன்னபடி, ஆவணம் காட்டும்வரை கணக்கையும் நிறுத்தினேன்.

அவள் பஸ் பிடித்து வந்து என் மேசை முன் நின்றாள்.

"எம் பொண்ணு வூட்டு வேல செஞ்சிக்கினு அனுப்புற துட்டு சார். இதுல இன்னா தப்பு கீது?"

"வேற வேற பேர்ல வருதேம்மா."

"மொதல்ல வேல செஞ்ச வூட்டுக்காரன் அவ பேப்பரெல்லாம் புடுங்கி வச்சிக்கினான். கூட கீறவங்க பேர்லதான் அனுப்ப முடியுது."

நான் அவளை நம்பினேன். அவள் சொன்னதை எழுத, கணக்கை நிறுத்திய படிவத்தில் இடமும் இருந்தது. ஆனாலும் எழுதவில்லை. நான்கு முறை வந்தாள், பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். கறவை மாட்டை விற்றுவிட்டதாக அவள் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்.

ஹைதராபாத்திலிருந்து அரசின் மேற்பார்வை அதிகாரிகள் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் முதல் நாள் காலையிலேயே ஆலையின் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இது உங்க கண்ணுல படலையா?" என்று தெலுங்கில் கேட்டார்.

"மேனேஜர்கிட்ட எழுதிக் குடுத்தேன் சார்."

"எங்கிட்ட எதுவும் வரல," என்றார் பக்கத்தில் நின்ற மேனேஜர். என்னிடம் நகல் இல்லை.

"வந்திருந்தாலும் ஒண்ணுதான்," என்றார் மூத்தவர். "அவர் ஒத்துக்கணும்னு சட்டம் சொல்லல. அனுப்ப வேண்டியவர் நீங்க."

பிறகு அந்தப் பெண்ணின் கோப்பைப் புரட்டினார். "இந்த ஒண்ணை ஒழுங்கா செஞ்சிருக்கீங்க," என்றார். நான் தலையாட்டினேன்.

வங்கி அபராதம் கட்டியது. ஆலைக்காரர் வேறு வங்கிக்குப் போனார். மேனேஜருக்குத் திருப்பதியில் பதவி உயர்வு. என்னைப் பதவி குறைத்துக் குப்பம் ஊர்க் கிளைக்கு அனுப்பினார்கள். அந்த மூத்தவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

கிளம்பும் நாளன்று, அவள் கணக்கைத் திறந்துவிடலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டு, என் இடத்துக்கு வந்தவரிடம் நீட்டினேன். அவர் மரியாதையாகவே அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க அதிகாரம் நேத்தோட முடிஞ்சிபோச்சு சார்."