புத்தகத்தை மூடிவிட்டு நடத்திய பாடம்

சோளக்காட்டுச் சந்தையில் மிளகு எடைபோட்டுக்கொண்டிருந்த வியாபாரி என்னைக் கண்டதும் தராசைக் கீழே வைத்தார். "ஏனுங்க, உங்ககூட இருந்த சரித்திர வாத்தியார் தவறிட்டாருங்க. கீழ முள்ளுக்குறிச்சியில நேத்தே எடுத்துட்டாங்க." முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போயிற்று.

அருணாசலம் சாரை அறிந்தவர்கள் இந்த மலையில் சிலர்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

உலகப்போரில் பட்டாளத்துக்குப் போய், பாலைவனத்தில் பிடிபட்டு, ஜெர்மனியில் கைதியாக இருந்துவிட்டு வந்தவர் அவர். அதன்பிறகு பயிற்சி முடித்து எங்கள் பள்ளிக்கு வந்தார். மலைக்கு ரோடு இல்லாத காலம். டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்தே ஏறி வந்தார். கணக்கு வாத்தியாரான நானும் அவரும் ஒரே அறையில் தங்கினோம். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாயங்காலம் தனியாக நடக்கப் போவார். கூட வரட்டுமா என்றால், "வேண்டாமுங்க, நான் பேச மாட்டேன், உங்களுக்குச் சங்கடம்" என்பார்.

எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் அந்தப் போர் ஒரே பத்தியில் முடிந்துவிடும். அவர் புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்வார். இரண்டு வகுப்புக்கும் நடுவில் மூங்கில் தட்டிதான் என்பதால் என் வகுப்பும் கணக்கை விட்டுவிட்டுக் கேட்கும்.

"யூதருன்னு ஒரு சனம். ஜெர்மனியை ஆண்டவங்க எடுத்ததுமே அவங்களைக் கொல்லலை. பூங்காவுல உக்காரக் கூடாதுன்னாங்க. பள்ளிக்கூடத்துக்கு வரக் கூடாதுன்னாங்க. கடை வைக்கக் கூடாதுன்னாங்க. கடைசியிலதான் ரயில்ல ஏத்துனாங்க."

ரயிலையே பார்த்திராத குழந்தைகள். மாடு ஏற்றும் பெட்டியில் கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் அடைத்துக் கொண்டுபோனதையும், அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்டதையும் குரலை உயர்த்தாமல் சொன்னார். வெள்ளையம்மா என்ற பெண் எழுந்தாள்.

"ஏனுங்க சார், பக்கத்து ஊட்டுக்காரங்க என்ன பண்ணாங்க?"

"பெரும்பாலும் பாத்துக்கிட்டு இருந்தாங்க கண்ணு."

பிறகு ஒரு நாள் வெள்ளையம்மாவின் அப்பா மலையின் இன்னொரு பகுதியான பைல் நாட்டிலிருந்து நடந்து வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ வாசலிலேயே நின்று, "புள்ளை சரியாச் சாப்பிட மாட்டேங்குதுங்க. அதுக்கிட்டச் சொன்னத எனக்கும் சொல்லுங்க" என்றார்.

அன்றுதான் சார் முழுவதையும் சொன்னார். போர் முடியப்போகிற சமயம், சார் கைதியாக இருந்த முகாமின் வேலியோரமாக எலும்பும் தோலுமான யூதர்களைப் பனியில் ஓட்டிக்கொண்டு போனார்கள். மனசு கேட்காமல் கையிலிருந்த ரொட்டியை வெளியே எறிந்தார். ஒருவர் குனிந்து எடுத்தார். காவலன் அவரை அங்கேயே சுட்டான்.

வெள்ளையம்மாவின் அப்பா வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு, "அவரு பேரு என்னங்க?" என்றார்.

"தெரியாதுங்க." சார் அழுததை அன்று மட்டும்தான் பார்த்தேன்.

"பேருகூடத் தெரியாமப் போச்சுங்களே. நீங்க சொல்லுங்க சாமி, நிறுத்தாதீங்க. புள்ளைய நான் பாத்துக்கறேன்."

அந்த வருஷமே பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரிக்கு விஷயம் எட்டியது. பாடத்தில் இல்லாததை ஏன் நடத்துகிறீர், இந்த மலைப் பிள்ளைகளுக்கும் அந்தத் தேசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"கீழ எங்க ஊர்ல இன்னும் இன்னார் இந்தக் கிணத்துல தண்ணி எடுக்கக் கூடாதுங்கறாங்க. அப்படித் தொடங்குனது எங்க போயி முடியும்னு பாத்துட்டு வந்தவனுங்க நான்" என்றார் சார்.

கொஞ்ச நாளில் அவருக்கு அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு மாற்றல் வந்தது. மலையிறங்கும் பாதையின் முதல் திருப்பம்வரை போய் வழியனுப்பினேன். வேறு யாரும் வரவில்லை. அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

சரித்திரப் பாடம் என் தலையில் விழுந்தது. வருஷாவருஷம் அந்தப் பத்தி வரும்போது நானும் புத்தகத்தை மூடுகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு பாடம்தான். நான் கடல் தாண்டியவன் அல்ல. அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன். பிள்ளைகள் கேட்டு எனக்குப் பதில் தெரியாமல் போனால், முள்ளுக்குறிச்சிக்கு இறங்கிப் போய் அவரிடம் கேட்டுக்கொண்டு வருவேன். இனிக் கேட்க ஆளில்லை. சொல்ல மட்டும் நான் இருக்கிறேன்.