1743ஆம் ஆண்டுப் பதிவேட்டில் மரியமலர்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் போய் வேறு வேலை பாருங்கள். இது சூசைதாசனுக்கு நடந்தது. 1988 நவம்பர் 17, வியாழக்கிழமை, பட்டப்பகலில்.

இங்கிலாந்தில் மிச்சம் என்ற ஊர்ப் பக்கத்தில், ஒரு காலத்தில் தனிக் கிராமமாக இருந்த இடத்துப் பழைய ஆங்கிலேயக் கோயில் அது. அங்கே ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்த்துப் படியெழுதுவதுதான் அவருக்கு வேலை. மன்னாரில் வாத்தியாராக இருந்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அன்று காலையிலிருந்தே அவர் கோபத்தில் இருந்தார். 1985இல் வள்ளத்தில் இராமேஸ்வரம் போகையில், பிறந்து மூன்று நாளான மகள் மரியமலர் மூச்சுக்குத் திணறினாள். கடல் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றி, அவரே ஞானஸ்நானம் கொடுத்தார். கரை சேருமுன் பிள்ளை போய்விட்டது. அந்தப் பெயரைத் தன் பங்குக் கோயில் பதிவேட்டில் எழுதச் சொல்லி மூன்று வருடமாக அலைகிறார். சாட்சி இல்லையாம். எழுத ஏலாதாம். அன்று காலையும் பங்குச் சுவாமி கையை விரித்துவிட்டார்.

பிற்பகல் 2.50க்கு அந்த வரி வந்தது. வருடம் 1743. தகப்பன் பெயர் இல்லாத ஒரு பெண்குழந்தை. அந்தப் பக்கத்தில் மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் பெயர் இருந்தது. அவள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் வெற்றிடம்.

சூசைதாசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் படியில் அந்த இடத்தில் ஆங்கில எழுத்தில் எழுதினார். மரியமலர்.

3.10. தேத்தண்ணீருக்குக் கேத்திலைப் போட்டுவிட்டுத் திரும்பினார். பெயர் குறுக்காக வெட்டப்பட்டிருந்தது. பழுப்பு மை. ஈரம் காயவில்லை.

கதவு உள்ளே பூட்டியபடி. திறப்பு அவருடைய சட்டைப்பையில்.

திரும்பவும் எழுதினார்.

கிர்ர்... கிர்ர்...

இறகுப் பேனா கீறும் சத்தம். கண்முன்னாலேயே கோடு விழுந்தது. எதிரே யாருமில்லை... நாற்காலி மட்டும் நகர்ந்தது.

 கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"என்ர பிள்ளையின்ர பேரை வெட்ட நீ ஆர்?"

இந்த முறை தமிழில் எழுதினார். தாள் கிழியும்படி அழுத்தி.

கிர்ர்...

நின்றது.

3.26.

பழைய பதிவேட்டைப் பார்த்தார். வெற்றிடம் இல்லை. அங்கேயும் தமிழில், அவருடைய கையெழுத்தில்... மரியமலர்.

தாள் நனைந்திருந்தது. தொட்ட விரலை நாக்கில் வைத்தார்.

உப்பு.

பழைய புத்தகத்தைப் பாழாக்கினார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். 

1991இல், ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் அவருக்குப் போன் எடுத்தாள். அந்தப் பக்கத்தின் பழைய புகைப்படம் ஒன்று அகப்பட்டதாம். அதிலும் அந்த எழுத்து இருக்கிறதாம். அது என்ன மொழி என்று கேட்டாள்.

படம் எடுத்தது 1961இல். மரியமலர் பிறக்க இன்னும் இருபத்துநான்கு வருடம் இருந்தது.