ஊத விடாத கேசட் அக்கா

"ஊதாதீங்க, ஊதாதீங்க! கீழ வைங்க அத!"

கத்திக்கொண்டே பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைக்கிறார் கேசட் அக்கா. வீடியோ கேம் கேசட்டை வாயருகே கொண்டுபோன வங்கிக் காசாளர் திருட்டு முழி முழிக்கிறார். பாதி வழுக்கை விழுந்த மனிதர். சின்ன வயதில் ஆடிய கேமை ஆட, ஆபீஸ் விட்டதும் நேரே இங்கேதான் வருவார்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், தையல் கடைக்கும் சலூனுக்கும் நடுவே இருக்கிறது கடை. பெட்டி பெட்டியாகப் பழைய டிவிகள், சுருண்டு கிடக்கும் வயர்கள், மணிக்கணக்கில் வாடகை. கேசட் ஓடாவிட்டால் ஊரே அதன் வாயில் ஊதும். அக்காவுக்கு அது ஆகவே ஆகாது. "ஊதினா ஓடுற மாதிரிதான் ஓடும். எச்சில் ஈரம் பட்டு உள்ள துருப்பிடிக்கும். அப்புறம் இன்னும் பலமா ஊதணும்" என்றபடி உள்ளேயிருக்கும் தகட்டுப் பற்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். கறுத்துப்போன பஞ்சை ஊதியவர் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டாமல் விடமாட்டார்.

ஓரத்து டிவியில் எந்நேரமும் செய்தி ஓடும். தலைவர்கள் பேசப் பேச அக்கா கோளாறு சொல்வார். ஒருவர் வாக்குறுதிகளை அடுக்கினால், "மேல நூறு கேம்னு படம் போட்ட கேசட்டு இது. உள்ள இருக்கறது நாலு. அதையே பேர மாத்தி மாத்திக் காட்டும்" என்பார். கட்சி தாவியவர் வந்தால், "ஸ்டிக்கர் மட்டும் புதுசு." ஓட்டுப் போடும் நம்மையும் விட்டுவைப்பதில்லை. "கேசட்டுல ஆட்டத்த ஞாபகம் வச்சுக்கற பேட்டரி இருக்கும்ல, நமக்கு அது செத்துப்போச்சு. போன தடவ எதுவரைக்கும் வந்தோம்னே ஞாபகம் இல்ல. திரும்ப மொதல்லேருந்து ஆடறோம்." நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். வெறும் வாய்ப்பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

வார்டு தேர்தலில் சுயேச்சையாக நின்றுவிட்டார் மகராசி! கவுன்சிலர் மாறும்போதெல்லாம் எங்கள் சாக்கடைச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். அடைப்பு மட்டும் அப்படியே இருக்கும். "கேசட்ட மட்டும் மாத்திட்டே இருக்கோம். அத சொருகற எடத்தத் தொறந்து யாரும் பாக்கல. நான் பாக்கறேன்" என்றார்.

இதில் சிக்கல், இப்போதைய கவுன்சிலருக்கு வலதுகையே அக்காவின் கொழுந்தன்தான். முதல் மாடியில் குடியிருக்கிறார். கடை இருக்கும் இடமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. நேற்று சட்டை கசங்காமல் வந்து நின்றார்.

"அண்ணி, மனுவ வாபஸ் வாங்க நாளைக்குத்தான் கடைசி நாள். வாங்கிடுங்க. சாக்கடை விஷயத்த நான் பேசிக்கறேன்."

"நீங்க பேசிட்டுத்தான் இருக்கீங்க தம்பி, எனக்கு நரை விழுந்ததுதான் மிச்சம்."

"அப்ப கடையக் காலி பண்ணிடுங்க."

டிவிகளின் முன்னால் எல்லோர் கையும் நின்றுபோனது. கணவர் போனபின், இந்தக் கடையை வைத்துத்தான் மகளை ஆளாக்கினார் அக்கா. வேறு வருமானம் கிடையாது. வாபஸ் வாங்கித் தொலையட்டும் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனசுக்குள் கெஞ்சினேன்.

அக்கா கையிலிருந்த கேசட்டை நிதானமாகத் துடைத்து முடித்தார். மெஷினில் செருகினார். படம் வந்தது. காசாளரை ஆடச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"காலி பண்ணிடறேன் தம்பி. எலெக்ஷன் முடியற வரைக்கும் பொறுங்க. பழைய சாமான், பாத்து எறக்கணும்."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினார். கொழுந்தன் பின்னாலேயே ஓடினார். ஆடிக்கொண்டிருந்த கேமை அப்படியே விட்டு நாங்களும் ஓடினோம்.

"எங்க போறீங்க அண்ணி?"

"ஓட்டுக் கேக்கத்தான். எங்கேயாவது ஆரம்பிக்கணும்ல?"

முதல் மாடியில், கொழுந்தன் வீட்டு வாசலில் நின்று அழைப்பு மணியை அழுத்தினார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "யாரு? வரேன், வரேன்!" என்றாள். கதவு திறக்கும்வரை அக்கா விரலை எடுக்கவில்லை.