கம்பனி விரிப்பில் தார்க்கால்கள்

பஹ்மியா டீச்சர் வகுப்பு வாசற்படியில் குந்தியிருந்து, தேங்காய் எண்ணெய் தோய்த்த பழந்துணியால் அப்ராவின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தார் முதலில் இளகும், பிறகு துணியோடு வரும். மண்ணெண்ணெய் போட்டால் பிள்ளைத் தோல் வெந்துபோகும்.

குச்சவெளிக் கரையோரத்துப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணல் வழியாகத்தான் வருவார்கள். கப்பல்கள் கழித்துவிடும் எண்ணெய் தாராய்க் கட்டியாகிக் கரையில் கிடக்கும். யாருடைய கப்பல் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. துடைப்பது மட்டும் மூன்றாம் வகுப்பு டீச்சரின் வேலை.

"டீச்சர், கடல அழுக்காக்கிறது எங்கட வாப்பாவா?" என்று அப்ரா கேட்டாள்.

"ஆர் சொன்ன?"

"புதுப் புத்தகத்தில இருக்கு."

எண்ணெய்க் கம்பனியொன்று இலவசமாகக் கொடுத்த வண்ணப் புத்தகம் அது. முதல் பக்கத்தில் சிரிக்கிற எண்ணெய்த் துளி, 'நான் உங்கள் நண்பன்' என்கிறது. அடுத்த பக்கத்தில் மீனவர் ஒருவர் கிழிந்த வலையைக் கடலில் எறிகிறார். 'கடலைக் கெடுப்பவர் இவரே' என்று கீழே எழுதியிருக்கிறது. அப்ராவின் வாப்பா மீனவர். இந்தப் பொய்யை ஒருவன் அச்சடித்தான், இன்னொருவன் மேசையில் அடுக்கினான். கொடுத்த அன்று கைதட்டியவர்கள் ஊர்ச்சனம் நாங்கள்.

பள்ளிக்கூட அதிபர் ஸைனுலாப்தீன் வந்தார். "நாளைக்குக் கம்பனிக்காரர் படம் எடுக்க வாறாங்க. இந்தப் பாடத்தத்தான் நடத்தணும், டீச்சர். கரைப் பிள்ளைகள வர வேணாம் எண்டு சொல்லிடுங்க. அவங்க தந்த விரிப்பு பழுதாகிடும்."

"விரிப்பா பெரிசு, சேர்?"

"கதைய வளக்காதீங்க. தூரத்து வெருகல் பள்ளிக்கு மாத்தினா என்ன செய்வீங்க? வீட்டில உங்கட உம்மாவும் படுக்கையில."

அந்த உம்மாவைப் பராமரிப்பவள் நான். பின்னேரம் அவரைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தபோது பஹ்மியா இவ்வளவையும் சொன்னார்.

"மாத்தினா போறதுதான். முழு நாளும் உம்மாவப் பாப்பீங்களா, அன்ரி?"

"பாப்பன். ஆனா மத்தியானச் சோறு நீங்கதான் தரோணும். உங்கட கறியில உப்பே இல்ல, அதையும் கவனியுங்கோ."

பஹ்மியா சால்வையைப் போட்டுக்கொண்டு கரைப்பக்கத்து வீடுகளுக்குப் போய், பிள்ளைகளைக் கட்டாயம் அனுப்பச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த நாள் காலை கம்பனி அதிகாரி கமராக்காரரோடு வகுப்பில் நின்றார். தரையில் கம்பனியின் விரிப்பு: நீலக் கடல், நடுவில் சிரிக்கிற கப்பல். அப்ரா வாசலில் செருப்பைப் போட்டுவிட்டு, வழக்கம்போல ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"இண்டைக்குத் துடைக்கல்லையா, டீச்சர்?"

"இல்ல. நீங்க உள்ள வந்து முன்னுக்கு இருங்க."

அப்ரா நடந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றக் கரைப் பிள்ளைகளும் நடந்தார்கள். நீலக் கடல் முழுவதும் கறுப்புக் கால்கள். அதிபர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பஹ்மியா எண்ணெய்ப் போத்தலையும் பழந்துணியையும் அதிகாரியிடம் நீட்டினார்.

"இந்தப் பிள்ளையிர கால நீங்க துடைச்சு விடுங்க. பிறகு படம் எடுப்பம்."

அவர் வாங்கவில்லை. கமராக்காரர் கமராவைத் தாழ்த்தினார். பஹ்மியா துணியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, மேசையில் இருந்த புத்தகங்களை எல்லாம் கயிற்றால் கட்டி, அவர்கள் வந்த வாகனத்தின் பின்கதவைத் திறந்து உள்ளே வைத்தார். பிறகு திரும்பி வந்து, வாசற்படியில் குந்தி, அப்ராவைக் கூப்பிட்டார்.